பம்பு அக்காவின் கடல் வண்டி

பம்பு அக்காவிடம் ஒரு காரியம் நடக்காது என்று சொல்லிவிட்டால் போதும், அது நடந்த மாதிரிதான். முப்பது வருடமாகத் தண்ணீர் மோட்டார் பழுது பார்க்கிறாள். மூன்று கடைக்காரர்கள் கைவிரித்த மோட்டாரைக் கொண்டு போனாலும், "அவங்களுக்கு என்ன தெரியும்?" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் திருப்புளியை எடுப்பாள். வாய்க்கொழுப்பு என்று சிலர் சொல்வதுண்டு. அப்படிச் சொல்கிறவர்கள் வீட்டுக் குழாயிலும் அவள் புண்ணியத்தில்தான் தண்ணீர் வருகிறது.

வேலைக்கு வெளியே அவளுக்கு இருந்த ஒரே பைத்தியம் கடல். ஞாயிற்றுக்கிழமை ஆனால் தங்கையை இழுத்துக்கொண்டு முக்குளிப்போர் சங்கத்துப் படகில் ஏறிவிடுவாள். முதுகில் காற்று சிலிண்டர், காலில் ரப்பர்த் துடுப்பு. கடலுக்கடியில் இருக்கும் பெரிய பாறை வரை நீந்திப் போய்த் திரும்புவார்கள். அங்கே யாரும் தனியாக இறங்கக் கூடாது, ஜோடியாகத்தான் இறங்க வேண்டும். பன்னிரண்டு வருடமாக அக்காவுக்குத் தங்கைதான் ஜோடி.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு மாடித் தொட்டியின் ஏணியிலிருந்து அக்கா விழுந்தாள். இடது முழங்காலில் தகடு வைத்தார்கள். ஒரு வருடத்தில் தரையில் நடை சரியாகிவிட்டது. தண்ணீரில்தான் அந்தக் கால் பேச்சுக் கேட்கவில்லை. வலது கால் உதைக்க, இடது கால் விருந்தாளி மாதிரி சும்மா கூட வந்தது. அதோடும் ஒரு சீசன் முழுக்க விடாமல் இறங்கினாள்.

சீசனின் கடைசி நாள், உடை மாற்றும் அறையில், தங்கை துண்டைப் பிழிந்தபடி சொன்னாள்.

"அடுத்த சீசன் நான் வேற ஜோடி பாத்துக்கறேன்க்கா."

"ஏன், நான் மெதுவா வரேனா?"

தங்கை பிழிந்த துண்டையே மறுபடி பிழிந்தாள்.

அக்காவுக்குச் சுருக்கென்றது. பன்னிரண்டு வருட ஜோடியை இப்படிப் போகிற போக்கில் கழற்றி விடுகிறாளே என்று கோபம் வந்தது. ஆனால் மூலையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்துகிற ரகம் இல்லை அவள். கால் இழுக்காவிட்டால் என்ன, மோட்டார் இழுக்கட்டும். தன்னை விட்டுவிட்டு இன்னொருத்தியோடு தங்கை எப்படி இறங்குகிறாள் என்று பார்த்துவிடலாம். அடுத்த சீசனுக்கு நான்கு மாதம் இருந்தது.

பிடித்துக்கொண்டால் தண்ணீருக்குள் ஆளை இழுத்துப் போகும் ஒரு வண்டி செய்ய, எட்டு அங்குல பிளாஸ்டிக் குழாயில் ஒரு முழ நீளம் வெட்டினாள். உள்ளே பேட்டரி இரண்டு, பின்னால் சிறிய மோட்டார், அதன் முனையில் மூன்று இதழ் விசிறி. தண்ணீருக்குள் ஓடும் மோட்டார்தானே அவள் பிழைப்பே, அச்சு வழியாக ஒரு சொட்டு உள்ளே போகாமல் அடைக்க அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. விசிறியில் கை பட்டுவிடாமல் வலை வேண்டியிருந்தது. வீட்டில் ஒரு மேசை விசிறி அம்சமான வலையோடு நின்றது.

"அப்ப எனக்குக் காத்து?" என்று கேட்டார் வீட்டுக்காரர்.

"ஜன்னலத் திறங்க."

வண்டியைத் தொட்டித் தண்ணீரில் போட்டு, மிதக்காமலும் மூழ்காமலும் நிற்கும் வரை ஈயக் கட்டி சேர்த்தாள். கடல் தண்ணீர் கனமானது, வண்டியை மேலே தள்ளும் என்று இன்னும் கொஞ்சம் சேர்த்தாள். எல்லாம் கச்சிதம். ஒன்றைத் தவிர.

வெள்ளோட்டம் படகுத்துறைக்குப் பக்கத்தில், மார்பளவு தண்ணீரில். ஜோடி இல்லை என்று சொன்னாலும் தங்கை தங்கைதானே, அவளும் வந்தாள். சங்கத்துப் பயிற்சியாளர் துறையின் விளிம்பில் கைகட்டி நின்றார். அக்கா பச்சைப் பொத்தானைத் தட்டினாள். வண்டி அவளை ஜம்மென்று இழுத்துக்கொண்டு போனது. முகக் கண்ணாடிக்குள் தண்ணீர் ஏற, சரி செய்யலாம் என்று கைகளை எடுத்தாள். வண்டி நிற்கவில்லை. அது பாட்டுக்குப் போய்விட்டது.

தப்பு மோட்டாரில் இல்லை, முப்பது வருடப் பழக்கத்தில் இருந்தது. பம்பு ஸ்டார்ட்டரில் பச்சையைத் தட்டினால் ஓடும், சிவப்பை அழுத்தினால்தான் நிற்கும். மோட்டார் நின்றுபோச்சு என்றுதான் ஆட்கள் அவளைத் தேடி வருவார்கள். நிற்காமல் ஓடுகிறது என்று குறை சொல்லி இதுவரை ஒருவரும் வந்ததில்லை.

இரண்டு நாள் தேடி, துறைக்கு அடியில் சேற்றில் மூக்கைச் செருகிக் கிடந்ததைத் தங்கைதான் கண்டுபிடித்தாள்.

"உன்ன மாதிரியே இருக்குக்கா. கிளம்பினா நிக்கத் தெரியல."

பயிற்சியாளர் சிரிக்கவில்லை. "கைய எடுத்தா நிக்கணும். இல்லேன்னா படகுல ஏத்த மாட்டேன்."

"ஒரு வாரம் குடுங்க."

ஐந்தாம் நாள் தயார். வெளியே ஸ்பிரிங் வைத்த பிடி, அதில் ஒரு காந்தம். பிடியை இறுக்கினால் காந்தம் குழாயை நெருங்கும், உள்ளிருக்கும் சுவிட்ச் இழுபடும், மோட்டார் ஓடும். விட்டால் நின்றுவிடும். குழாயில் புதிதாக ஒரு ஓட்டைகூடப் போடவில்லை. பயிற்சியாளர் பத்துத் தடவை விட்டுப் பார்த்தார், பத்துத் தடவையும் நின்றது. சீசனின் முதல் ஜோடிப் பட்டியலில் தங்கை தன் பெயருக்குப் பக்கத்தில் அக்கா பெயரை எழுதினாள். "இந்த ஒரு தடவ பாப்போம்" என்றாள்.

அன்றைக்குப் பாறைக்கு முதலில் போய்ச் சேர்ந்தது அக்காதான். வலது காலுக்கும் வேலை இல்லை, இடது காலுக்கும் வேலை இல்லை, ராணி மாதிரி போனாள். பின்னாலேயே வந்த தங்கை, சிலிண்டரில் எவ்வளவு காற்று மிச்சம் என்று காட்டும், அக்காவின் இடுப்போரம் தொங்கிய மீட்டரைப் பிடித்து முகத்தருகே வைத்துப் பார்த்தாள். விட்டாள். மறுபடி பிடித்துப் பார்த்தாள்.

படகில் ஏறி உட்கார்ந்ததும் அக்கா கேட்டாள். "அப்படி என்னத்தடி பாத்த என் மீட்டர்ல?"

"காத்து அப்படியே இருந்துச்சு, நம்ப முடியல. போன சீசன்ல அந்தக் கால வச்சு உதைச்சு உதைச்சு, பாறைக்கு வரதுக்குள்ளயே பாதிக் காத்து தீத்துடுவ. நீ அதக் கவனிக்கவே மாட்ட. நான்தான் இழுத்துட்டு மேல வருவேன்."

"மெதுவா வரேன்னுதான் நீ..."

"யாருக்கு வேணும் வேகம்? என் பக்கத்துலயே உனக்கு ஏதாவது ஆயிடும்னு பயம்க்கா. நான் மாட்டேன்னு சொன்னாலாவது நீ இறங்காம இருப்பேன்னு பாத்தேன்."

"அத வாயத் திறந்து சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா கேட்டிருப்பியா?"

பம்பு அக்கா குனிந்து காலிலிருந்த துடுப்பைக் கழற்றினாள்.

தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "போன சீசன் முழுக்கக் கடலுக்குள்ள நான் ஒரு மீனக்கூடப் பாக்கல. உன் மீட்டரத்தான் பாத்துட்டிருந்தேன்."

அக்கா தன் மீட்டரை ஒரு தடவை திருப்பிப் பார்த்தாள்.

"இன்னைக்கு?"

"இன்னைக்குப் பாத்தேன்" என்றாள் தங்கை. "நிறைய."