தங்கைக்காக நான் திருத்திய கட்டுரை

என் தங்கைக்குக் கிடைத்திருக்க வேண்டிய கல்லூரி இடம் என் கையால்தான் போனது. வீட்டில் யாரும் இதை வாய் திறந்து சொல்வதில்லை. ஆகவே நானே சொல்லிவிடுகிறேன்.

அவள் உயர்தரப் பரீட்சையில் கணிதப் பிரிவு. எல்கடுவப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லய வீட்டிலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து மாத்தளைக்குப் போய்ப் படித்தவள். இரண்டு ஏ, ஒரு பி. இங்குள்ள பல்கலைக்கழகத்தில் பொறியியலுக்கான வெட்டுப்புள்ளியை மயிரிழையில் தவறவிட்டாள். படித்தால் நீர்ப் பொறியியல்தான், வேறெதுவும் வேண்டாம் என்று நின்றாள். பிடிவாதத்தில் எங்கள் குடும்பத்தை அசைக்க முடியாது. சரி, வெளிநாட்டில் தேடிப் பார்ப்போம் என்று நானும் இறங்கினேன்.

நான் மாத்தளை டவுனில் ஒரு கம்யூனிகேஷன் கடையில் டைப் செய்கிறேன். மத்தியானம் போட்டோ கொப்பி எடுக்க வருகிறவர்கள் குறைந்ததும் கல்லூரிகளைத் தேடுவேன். இரண்டு மாதத்தில் அந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் ஞானம் வந்துவிட்டது. நுழைவதே கஷ்டமான பெரிய கல்லூரிகளில் முக்கால்வாசி, குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான் உதவி செய்கின்றன. அதிலும் பல தங்கள் நாட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும். திறமையை மட்டும் பார்த்து முழுப் புலமைப்பரிசில் தருகிற, நம்மையும் சேர்த்துக்கொள்கிற கல்லூரிகள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. அந்த வித்தியாசத்தைக் கொப்பியில் எழுதி, சிவப்புப் பேனையால் கோடும் போட்டேன். கோடு போட்டதோடு என் புத்தி நின்றுவிட்டது.

கடைசியில் அந்தச் சிலவற்றில் ஒரு கல்லூரி பொருந்தி வந்தது. அவளுடைய பரீட்சைப் பெறுபேற்றை ஏற்றுக்கொண்டது, நீர்ப் பொறியியலும் இருந்தது. விண்ணப்பத்தில் ஒரே ஒரு கட்டுரைதான் கேட்டிருந்தார்கள்: நீங்களாகத் தேடிக் கண்டுபிடித்த ஒன்றைப் பற்றி எழுதுங்கள்.

தங்கை தாளில் எழுதிக் கொடுத்துவிட்டாள். "இங்கிலிஸ் மட்டும் பாத்து அனுப்பிரு அக்கா" என்றாள். விண்ணப்பிக்கக் கடைசி நாள் அது. முதல் பத்தியைப் படித்தேன். மூன்று பிளாஸ்டிக் போத்தலை வெட்டி மலையில் மூன்று இடத்தில் வைத்து, தினமும் காலையில் மழையை அளந்தாளாம். எத்தனை மில்லிமீட்டர், எந்தச் சரிவு, எந்தக் காற்று. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. போத்தல் கதைக்கு யார் இடம் கொடுப்பார்கள்?

இந்த இடத்தில் என் பழைய பெருமையையும் சொல்ல வேண்டும். பத்து வயதிலிருந்தே எங்கள் லயத்துக்கு மனு எழுதுகிறவள் நான். கூரைத் தகரம் வேண்டுமா, தண்ணீர்க் குழாய் வேண்டுமா, தோட்டத்துத் தொரைக்கு ஒரு கடிதம் போக வேண்டும். அதில் நோய் இருக்க வேண்டும், பிள்ளைகள் இருக்க வேண்டும், 'மிகத் தாழ்மையுடன்' மூன்று தடவையாவது வர வேண்டும். எது அதிகமாக அழுகிறதோ அந்தக் கடிதத்துக்குத்தான் தகரம் வரும். லயத்தில் பக்கத்துக் காம்பராவில் இருக்கிற மாமா வீட்டு மனுவில் மாமியைப் படுத்த படுக்கையாக்கிவிட்டேன். தகரம் வந்த அன்றைக்கு அதைக் கூரைக்குத் தூக்கிக் கொடுத்ததே மாமிதான். "ஒன் கைக்கு ராசி இருக்கு புள்ள" என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் நம்பினேன்.

தங்கையின் தாளை ஒதுக்கிவிட்டு, அந்த ராசிக் கையால் புதிதாக எழுதினேன். 'நான் கண்டுபிடித்தது வறுமையைத்தான்' என்று தொடங்கினேன். ஒழுகும் கூரை, அம்மாவின் கொழுந்துக்கூடை, அட்டை கடித்த கால், மண்ணெண்ணெய் விளக்கு. எங்கள் வீட்டில் கரண்ட் இருக்கிறது, ஆனாலும் விளக்கு இல்லாமல் மனு எடுபடாது. எழுதி முடித்தபோது எனக்கே கண் கலங்கியது. அனுப்பிவிட்டு ஒரு பிளேன்டீ குடித்தேன்.

இரண்டு மாதம் கழித்து மறுப்பு வந்தது. தங்கை ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை. எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஏழைப் பிள்ளை என்றால் இவர்களுக்கும் இளக்காரமா என்று காரணம் கேட்டு எழுதினேன். பதில் மரியாதையாகத்தான் வந்தது. குடும்பத்தின் கஷ்டம் தங்களுக்குப் புரிகிறது, ஆனால் இந்தப் புலமைப்பரிசில் மாணவியின் திறமைக்கானது, அவர் தானாகச் செய்த எதையும் கட்டுரையில் காண முடியவில்லை என்று எழுதியிருந்தார்கள். ஒருவர் ஒரு முறைதான் விண்ணப்பிக்கலாம் என்றும் இருந்தது.

அதை அவளிடம் மறைக்க எனக்குத் தைரியம் இல்லை. கடைக்கு வரச் சொல்லிக் காட்டினேன்.

"எதையும் காணலையா? மழை அளந்தத எழுதினேனே அக்கா."

நான் அனுப்பிய கட்டுரையைத் திரையில் திறந்தேன். கதிரையை இழுத்துப் போட்டேன், அவள் உட்காரவில்லை. நின்றுகொண்டே கடைசி வரி வரைக்கும் படித்தாள்.

"இது யாரு அக்கா?" என்றாள்.

"ஒனக்குக் கெடைக்கணும்னுதான்..."

"நான் எழுதினத முழுசா வாசிச்சியா?"

"மொதப் பத்தி மட்டும்."

அவள் கத்தியிருந்தால் எனக்குத் தேவலை. அம்மாவிடம் சொல்லி அழுதிருந்தாலும் தேவலை. குடையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள். பிறகு கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை என்று கிளம்பினாள். இப்போதும் எனக்குப் போன் எடுக்கிறாள். அம்மாவுக்கு மருந்து வாங்கியாச்சா என்று கேட்பாள், சாப்பிட்டியா என்று கேட்பாள். படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. வாங்கியாச்சு, சாப்பிட்டேன் என்று சொல்லிப் போனை வைத்துவிடுவேன்.

அவள் கொழும்புக்குப் போன வாரம்தான் அவள் எழுதிய தாளை எடுத்து முதல் வரியிலிருந்து வாசித்தேன். மூன்று வருடம் ஒரு நாள் விடாமல் அளந்திருக்கிறாள். பரீட்சை நாளிலும், காய்ச்சலோடும். மேல் லயத்துக்குப் பின்னால் இருக்கிற சரிவில் மட்டும் ஏன் தண்ணீர் தேங்குகிறது, தண்ணீர் வடிகிற கான் எந்தப் பக்கம் வெட்டினால் மண் இறங்காது என்று படம் போட்டுக் காட்டியிருக்கிறாள். தப்பாகப் போன தன் முதல் கணக்கையும் ஒளிக்காமல் எழுதி, எங்கே பிழை வந்தது என்று சொல்லியிருக்கிறாள். இரண்டு பக்கத்தில் ஓரிடத்தில்கூட அவள் தன்னைப் பாவம் என்று சொல்லவில்லை. யாரிடமும் எதையும் கேட்கவில்லை.

அந்தக் கல்லூரி என்னுடையதாக இருந்திருந்தால், அன்றே அவளைச் சேர்த்திருப்பேன்.