ஜன்னலை மூடியிருந்தால்...

திருவண்ணாமலையில் மலையடிவாரத்தில் எங்கள் வீடு. மழை வந்தால் சுவரெல்லாம் ஓதம்தான். காய்ச்சலில் இறந்துபோன எங்கள் மகன், அறைச் சுவரில் எங்கள் மூவரையும் கிரேயானில் வரைந்திருந்தான். போன மழையில் அதன்மேல் பூஞ்சை படரவும், ஈரத்தை உறிஞ்சும் டீஹியூமிடிஃபையர் வாங்கினோம். காற்று வரட்டும் என்று ஜன்னலைத் திறந்தே வைத்திருந்தேன். தினமும் அதன் தொட்டியில் தண்ணீர் நிரம்பியதால் மெஷின் வேலை செய்கிறது என்று நம்பினேன். பூஞ்சையோ குறையவே இல்லை.

பார்க்க வந்த மெக்கானிக், “ஜன்னல தொறந்து வச்சா வெளிய இருக்கிற ஈரத்தத்தாங்க இழுத்துக்கினு இருக்கும்” என்றார்.

அதற்குள் சுவர் உப்பி, நடுவில் இருந்த மகனின் உருவம் உதிர்ந்துவிட்டது. துடைப்பத்தோடு போன என்னைக் கணவர் தடுத்தார்.

“நீ உடு, நான் எடுத்துக்கறேன்.”

ஒவ்வொரு துண்டாகக் கையால் பொறுக்கினார்.

இப்போது ஜன்னல், கதவு எல்லாவற்றையும் மூடிவிட்டுத்தான் மெஷினைப் போடுகிறேன். அவன் வரைந்ததில் நாங்கள் இருவர்தான் மிச்சம்.