பருந்து வராத விளையாட்டு

கிள்ளானிலிருந்து சுங்கை வே தொழிற்சாலைக்குப் பெண்களை வேனில் ஏற்றிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடும் இக்னேஷியஸுக்கு உலகத்தில் ஒரே ஒரு பயம்தான். கண் போய்விடுமோ என்ற பயம். மற்றபடி எதற்கும் அசராத ஆள். நெடுஞ்சாலை நடுவில் டயர் வெடித்தபோதுகூட, பின்னால் அலறிய பெண்களிடம், "கத்தாதீங்கலா, வேலைக்குத்தானே போறோம், கல்யாணத்துக்கா?" என்று சொல்லிவிட்டு இறங்கி ஜேக்கி போட்டவர். அப்பேர்ப்பட்டவர் மூக்குக்கண்ணாடிக் கடைப் பலகையைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

காரணம் அவருடைய அப்பா. ரயில்வேயில் சிக்னல் வேலை பார்த்தவர். கண்ணுக்குள் அழுத்தம் என்று டாக்டர் கண்டுபிடித்தபோது பாதிப் பார்வை போய்விட்டிருந்தது. வலி கிடையாது, சிவப்புக் கிடையாது. ஓரத்திலிருந்து கொஞ்சங்கொஞ்சமாகப் போகும்; போவது போகிறவருக்கே தெரியாது. பரம்பரையாக வரலாம், பிள்ளைகள் வருடா வருடம் கண்ணைக் காட்டிக்கொள்ளுங்கள் என்றார்கள். ஐம்பத்து மூன்று வயதாகியும் இக்னேஷியஸ் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. லைசென்ஸ் புதுப்பிக்கும்போது சுவரில் மாட்டிய எழுத்துகளை நேராகப் பார்த்துக் கடகடவென்று வாசித்துவிடுவார், அது போதாதா என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொள்வார். மனைவி பெர்னிஸ் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் அவருக்காகக் கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றத் தொடங்கிவிட்டாள்.

பெண்கள் வேலை முடிந்து வரும்வரை வேனில் காத்திருக்க வேண்டும். மற்ற டிரைவர்கள் தூங்குவார்கள், இல்லாவிட்டால் அரசியல் பேசித் தொண்டையைக் கெடுத்துக்கொள்வார்கள். இக்னேஷியஸ் கேம் விளையாடுவார். இன்றைய பிள்ளைகள் ஆடும் கலர் கேம் இல்லை. அவர் வாலிபனாக இருந்த காலத்தில் கிள்ளான் இரவுச் சந்தையில் கொஞ்ச காலம் விற்று, வந்த சுவடே தெரியாமல் மறைந்துபோன கையடக்க மிஷின்களின் கறுப்பு வெள்ளை கேம்கள். எந்தக் கம்பெனி செய்தது என்று கேட்டால் விற்றவனுக்கே தெரியாது. அப்படிப்பட்ட அனாதை கேம்களை எங்கெங்கோ இருக்கும் பைத்தியக்காரர்கள் காப்பி எடுத்து இணையத்தில் போட்டு வைத்திருக்கிறார்கள். உள்ளங்கை அளவு சீன மிஷின் ஒன்று வாங்கி, அதில் எமுலேட்டர் போட்டால், அது அந்தப் பழைய மிஷினைப் போலவே நடிக்கும். பழைய கேமும் ஏமாந்துபோய் ஓடும்.

அதில் அவருக்குப் பிடித்தது ஒரு படகுக்காரன் கேம். நடு ஆற்றில் படகு, படகில் கூடை. மீனைப் பிடித்துக் கூடையை நிரப்ப வேண்டும். இடது மேல் மூலையிலிருந்து பருந்து ஒன்று பாய்ந்து வந்து கூடையிலிருந்து மீனைத் தூக்கும். நேரத்தோடு குனிந்தால் தப்பலாம்.

கொஞ்ச காலமாக அந்தப் பருந்து வரவில்லை. ஆனால் மீன் மட்டும் குறைந்தது.

எமுலேட்டரில் கோளாறு என்று இக்னேஷியஸ் முடிவு கட்டினார். அது நியாயமான முடிவுதான். இந்த மாதிரிக் கேம்களில் ஒரு படம் வராமல் போவது சகஜம். எமுலேட்டரை எழுதிய பையனுக்குத் தன் அரைகுறை இங்கிலீஷில் எழுதிப் போட்டார். அவன் வீடியோ எடுத்து அனுப்பினான். அதில் பருந்து ஜம்மென்று வந்தது. அப்படியானால் தன் ஃபைல்தான் கெட்டது என்று வேறு ஃபைல் இறக்கினார். மெமரி கார்டை மாற்றினார். திரையின் வெளிச்சத்தைக் கூட்டினார், குறைத்தார். எல்லாவற்றையும் சந்தேகப்பட்டார், ஒன்றைத் தவிர.

அன்று புஷ்பவல்லி சீக்கிரமே வந்துவிட்டாள். முன் சீட் அவளுடையது, வேனில் மூத்தவள். ஏறி உட்கார்ந்ததும் கையை நீட்டினாள்.

"எப்பப் பாத்தாலும் நோண்டிக்கிட்டே இருக்கியே, குடு தம்பி, நானும் ஆடிப் பாக்குறேன்."

"ஆடுங்க அக்கா. ஆனா அது கெட்டுப்போன கேம். பருந்து வராது, மீன் மட்டும் போவும்."

அவள் ஆடத் தொடங்கினாள். இக்னேஷியஸ் பக்கத்தில் சாய்ந்து படகையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று புஷ்பவல்லி, "ஐயையோ, தூக்கிட்டுப் போயிருச்சே சனியன்!" என்று கத்தினாள்.

"எது அக்கா?"

"பருந்துதான்! இந்தா, மேல மூலையிலேருந்து வருதே. ஒனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு?"

சும்மா சொன்னாள். இக்னேஷியஸ் சிரிக்கவில்லை. "இன்னொரு தடவ ஆடுங்க அக்கா" என்றார். பார்வையைப் படகைவிட்டு அசைக்கவே இல்லை. "இந்தா வருது" என்றாள் அவள். மூலையில் வெறும் வெள்ளை வானம். மீன் குறைந்தது. மறுமுறை அவள் "வருது" என்றதும் கண்ணை அந்த மூலைக்குத் திருப்பினார். பருந்து இருந்தது, கறுப்பாக, இறக்கையை விரித்துக்கொண்டு. பார்வையைப் படகுக்குக் கொண்டுவந்தார். பருந்து இல்லை.

இருட்டாக இருந்திருந்தால்கூட அவருக்கு இத்தனை பயம் வந்திருக்காது. அங்கே இருட்டே இல்லை. எல்லாம் சரியாக இருப்பதுபோலவே இருந்தது.

அதற்குள் பெண்கள் கூட்டமாக வந்து ஏறிவிட்டார்கள். ஒருத்தி காய்கறிப் பையை இன்னொருத்தி மடியில் வைத்தாள். யாரோ சிரித்தார்கள். "போலாம்ணே" என்று பின்னாலிருந்து தாமரை குரல் கொடுத்தாள். அவள் ஆறு மாதக் கர்ப்பிணி. இடது பக்க ஜன்னலோரம்தான் உட்காருவாள்.

இக்னேஷியஸ் எஞ்சினை முடுக்கினார். கியரில் கை வைத்தார். பயம் வந்தால் மனிதனுக்கு எப்படித்தான் புத்தி வேலை செய்கிறதோ! இன்றைக்கு ஒரு நாள் மட்டும் மெதுவாகப் போகலாம் என்றது. கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ஓட்டலாம் என்றது. நாளைக்கு டாக்டர், சத்தியமாக நாளைக்கு என்றது. இத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லையே என்றது. லைசென்ஸ் போனால் வேன் போகும், வேன் போனால் என்ன செய்வாய் என்றும் கேட்டது. அவர் இடது பக்கக் கண்ணாடியைப் பார்த்தார். சாலை காலியாக இருந்தது. காலியாக இருக்கிறதா, காலியாகத் தெரிகிறதா? அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

எஞ்சினை அணைத்துச் சாவியை உருவினார்.

"நான் ஓட்டல. எனக்குக் கண்ணு சரியாத் தெரியல. எல்லாரும் வேற காடி பாத்துப் போயிடுங்க."

"என்னாண்ணே, வெளையாடுறீங்களா?" என்றாள் ஒருத்தி. புஷ்பவல்லி அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "சும்மா இருங்கடி" என்றாள். "எத்தன நாளா தம்பி?"

"தெரியல அக்கா. அதான் தெரியல."

பின்னாலிருந்து தாமரைதான் பேசினாள்.

"அப்ப இன்னைக்குக் காலையில, ஷா ஆலம் தாண்டி நீங்க எடது பக்கம் ஒதுக்கினப்ப, அந்த மோட்டர் சைக்கிள்காரன் ஓரமாத் தடுமாறிப் போனானே... நீங்க பாத்துட்டும் நிறுத்தாம போறீங்கன்னு ஒங்க மேல கோவமா இருந்தேன்ணே."

இக்னேஷியஸ் சீட்டில் திரும்பினார்.

"எந்த மோட்டர்காரன்?"

தாமரை ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

"சொல்லும்மா. விழுந்துட்டானா?"

"தெரியலண்ணே" என்றாள் தாமரை. "திரும்பிப் பாத்தேன். பின்னால லோரி வந்து மறைச்சிருச்சு."