வெள்ளைமூக்கியின் நான்காம் கால்

கெங் ஷுவாங்சிக்கு வாழ்க்கையில் இரண்டு முறை மாட்டுக்கால் கிடைத்தது. சமைப்பதற்கு அல்ல, சொத்தாக.

முதல் கால், பொதுவுடைமைக்காரர்களின் புது அரசு வந்த கையோடு. பண்ணையாரின் நிலத்தைப் பிரித்துக் கொடுத்தார்கள், மாடுகள்தான் போதவில்லை. நான்கு வீட்டுக்கு ஒரு மாடு, வீட்டுக்கு ஒரு கால் என்று முடிவாயிற்று. இளைஞன் ஷுவாங்சி தன் பங்குக் காலில் சிவப்புத் துணி கட்டி அழகு பார்த்தானாம். சில வருஷத்தில் கூட்டுப்பண்ணை வந்தது, அதன் பின்னால் பல ஊர்களை ஒரே பண்ணையாக்கிய கம்யூன். நிலம், கலப்பை, கால் எல்லாம் பொதுவில் போயின. பிறகு பஞ்சம் வந்தது. அந்த வருஷங்களைப் பற்றி மட்டும் அவர் வாய் திறக்கமாட்டார்.

பஞ்சம் தணிந்தபின் அவரைக் கம்யூனில் அந்த ஊர் உழவுக் குழுவின் மாட்டுக்கொட்டகைக்குப் பொறுப்பாக்கினார்கள். இரவிலும் தீனி வைக்க வேண்டும் என்பதால் படுக்கையும் அங்கேயே. குளிர்காலத்தில் ஊரிலேயே கதகதப்பான இடம் அதுதான். கூட்டம், கோஷம், சுயவிமர்சனம், வம்பு எல்லாம் மாடுகளின் முன்னிலையில் நடந்தன. அவர் கையில் பிறந்து வளர்ந்த வெள்ளைமூக்கி என்ற மாடு எல்லாவற்றையும் கேட்டு அசைபோட்டது.

எண்பத்திரண்டு வாக்கில் கம்யூனைக் கலைத்தார்கள். பொதுச் சொத்தைப் பங்கிட ஒரு பழைய தொப்பிக்குள் சீட்டுப் போட்டுக் குலுக்கினார்கள். ஷுவாங்சிக்கு விழுந்தது ஒரு ஜோடி வண்டிச் சக்கரம். வெள்ளைமூக்கி வேறு நான்கு வீடுகளுக்குப் போயிற்று, வழக்கம்போல் ஆளுக்கு ஒரு கால். "நாளைக்கே மறுபடி பொதுவுல சேருங்கன்னு சொன்னா? போன தடவை கால் போன மாதிரி இதுவும் போகும். இப்பவே கறிக்காரனுக்கு வித்துடலாம்" என்று நால்வரும் பேசிவைத்தார்கள். நான்கு பேரும் சம்மதித்தால்தான் விற்கலாம் என்பது குழுத் தலைவர் போட்ட விதி.

ஷுவாங்சி பனியில் சக்கரங்களை உருட்டிக்கொண்டு தோஃபு என்னும் சோயாக்கட்டி விற்கும் ஷியாவின் வீட்டுக்குப் போனார். நால்வரில் ஷியாவும் ஒருவன்.

"என்ன அண்ணே, சக்கரத்தை மேய்ச்சலுக்கு ஓட்டிட்டுப் போறீங்களா?"

"இதை நீ வச்சுக்க. உன் காலை எனக்குக் குடு."

"எந்தக் கால்னு தெரியுமா? இடது பின்னங்கால். உதைக்கிற கால்."

"இத்தனை வருஷமா யாரை உதைச்சுதாம்? என்னைத்தானே."

ஷியா சக்கரத்தைத் தட்டிப் பார்த்தான். தோஃபுப் பலகைகளைத் தோளில் சுமந்தே தேய்ந்தவன் அவன். "மதினிகிட்ட கேட்டீங்களா?"

ஷுவாங்சி கேட்கவில்லை. அந்தச் சக்கரத்துக்கு மேல் வண்டி கட்டித் தாய்வீட்டுக்குப் போவதாக அவர் மனைவி யின்ஹுவான் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். இப்போது அவளே பனியில் விழுந்த சக்கரத் தடத்தைப் பார்த்துக்கொண்டு ஷியாவின் வாசலில் வந்து நின்றாள்.

"எங்க உருண்டு போகுதுன்னு பார்க்க வந்தேன்."

"மதினி, இவரு புத்தியோடதான் பேசறாரா?"

"என்னைக்குப் பேசினாரு? குடுத்துத் தொலை தம்பி. கறிக்கடை வாசல்ல உட்கார்ந்து இந்த ஆள் அழறதை என்னால பார்க்க முடியாது. ஆனா ஒண்ணு. புது வருஷத்துக்கு எங்க அம்மா வீட்டுக்கு உன் வண்டியிலதான் போவேன்."

"தோஃபுவுக்கு நடுவுல உட்காருவீங்களா?"

"உட்காருவேன். போற வழியில தின்னுக்கிட்டே போவேன்."

சந்தைக்கு முதல் நாள் கறிக்காரன் வந்தான். "நாலு பேருக்கும் சம்மதமா?"

"மூணு கால் சம்மதம்" என்றார்கள் மற்றவர்கள்.

"என் கால் வரலை" என்றார் ஷுவாங்சி.

கறிக்காரன் மாட்டைச் சுற்றி ஒரு நடை நடந்தான். "மூணு காலை வச்சுக்கிட்டு இது சந்தைக்கு எப்படிய்யா நடக்கும்?" என்று சிரித்துவிட்டு, வந்த வழியே போனான்.

விற்க முடியாத மாட்டை வேறென்ன செய்ய? முறை வைத்துத் தீனி போட்டு, முறை வைத்து உழுதார்கள். யாரும் பொதுவில் சேர்க்கச் சொல்லவில்லை. வசந்தத்தில் நான்கு வீட்டுக் கோதுமையும் முட்டி உயரம் நின்றது. அந்த முறையில் முதலில் மாடு வந்து நின்றது ஷுவாங்சியின் வீட்டில்தான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் புருஷன் தொடர்ந்து வீட்டில் தங்கியது அப்போதுதான் என்று யின்ஹுவான் கணக்குச் சொன்னாள்.

முறை முடிந்து வெள்ளைமூக்கி பக்கத்து வீட்டுக்குக் கிளம்பியது. ஷுவாங்சி படுக்கையைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பின்னாலேயே நடந்தார்.

"உங்களுக்கு மாட்டுல ஒரு கால் கிடைச்சிருக்கு" என்றாள் யின்ஹுவான், அவர் மறந்துபோன தலையணையை மதிலுக்கு மேலாக எறிந்தபடி. "எனக்குப் புருஷன்ல ஒரு கால். போயிட்டு வாங்க, முறை வரும்போது பார்க்கலாம்."