எண்ணெய் விரல் சோதனை

கல்யாணப் பந்தியில் இலை போட்டதும் ரெபேக்காள் முதலில் பாயசம் கேட்கிறாள். சோற்று வாளியோடு வந்தவர் முழிக்கிறார். "ஒண்ணுமில்ல அண்ணாச்சி, வரிசைய மாத்துனா என்ன ஆவுதுன்னு பாத்தேன்" என்று கண்ணைச் சிமிட்டுகிறாள். என்ன செய்ய, தொழில் புத்தி!

தென்காசியில் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியில் அவள் டெஸ்டர். அடுத்தவர் கட்டியதை உடைத்துப் பார்ப்பதற்குச் சம்பளம். இவ்வளவு குஷியாக உடைக்கிற ஆளை வேறெங்கும் பார்க்க முடியாது. ஆப் பிறந்த தேதியைக் கேட்டால் நாளை மறுநாள் என்று கொடுப்பாள். ஏதாவது நொறுங்கிவிட்டால் நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றுவாள்.

இப்போது கையில் இருப்பது குற்றால லாட்ஜ்களில் அறை பதிவு செய்யும் ஆப். சாரல் தொடங்கிவிட்டது, இன்று மாலைக்குள் வெளியிட்டாக வேண்டும். சொதப்பினால் லாட்ஜ்காரர்கள் கைகழுவிவிடுவார்கள், கம்பெனிக்குப் பூட்டுதான். அப்புறம் அவள் வேலை தேடிச் சென்னை ஹாஸ்டலில் போய்க் கிடக்க வேண்டும்.

ஆப்பை எழுதிய பாண்டியராஜ் திரையைக் காட்டுகிறான். தானாக ஓடும் சோதனைகள் அத்தனையும் தேறிப் பச்சை காட்டுகின்றன. "விட்டுருவோமாக்கா?"

"பொறுலே. அருவிக்கரையில எண்ணெய் தேச்சுட்டு நிக்கையிலதான் நம்ம சனத்துக்கு இன்னைக்கு இங்கனயே தங்கிருவோமான்னு தோணும். அந்த விரல வச்சுப் பாத்தியா?"

அடுத்த பஸ்ஸில் இருவரும் குற்றாலத்து ஐந்தருவிக்கு. கடையில் ஒரு பாட்டில் நல்லெண்ணெய் வாங்கி, தலை முதல் விரல்நுனி வரை வழிய வழியத் தேய்த்துக்கொள்கிறாள். கைபேசியில் ஆப்பைத் திறந்து பதிவுப் பொத்தானை அமுக்குகிறாள். வழுக்குகிறது, பதிவானதா என்று தெரியவில்லை. மறுபடியும் அமுக்குகிறாள், மறுபடியும். ஒரு லாட்ஜ் முழுவதும் அவள் பெயரில் பதிவாகிவிட்டது!

"ஏசப்பா! மாடிப்படி தவிர எல்லாம் எனக்குத்தாம்லே!" என்று அவள் குதித்த குதியில் குரங்குகள்கூடத் திரும்பிப் பார்க்கின்றன. நல்லவேளை, அது சோதனைப் பதிப்பு. பாண்டியராஜுக்குத்தான் முகத்தில் ஈயாடவில்லை.

கடையோரம் மடிக்கணினியை விரித்து உட்கார்ந்து திருத்துகிறான். எத்தனை தடவை அமுக்கினாலும் இனி ஒரே பதிவுதான். அவள் எண்ணெய் விரலால் போட்டுப் பார்க்கிறாள். ஒரே ஒரு அறை! "பாஸ்லே, பாஸ்!" கைபேசியை அவனிடம் தள்ளிவிட்டு, பெண்கள் பக்கம் ஓடி, உடுத்த சுடிதாரோடு அருவிக்குள் புகுந்துவிடுகிறாள்.

அப்பாடா என்று அவன் தடுப்புக் கம்பியில் சாய்ந்து, வெளியிடுகிற பொத்தானுக்குக் கொண்டுபோன விரலை ஒரு கூச்சல் நிறுத்துகிறது.

"ஏலே! ஈர விரல்ல பாக்கலையே!"

கம்பியைத் தாண்டி, சொட்டச் சொட்ட, கைபேசிக்காக ஒரு கை நீள்கிறது.