பாட்டுச் சத்தத்தில் கேளாமல் போன விமானம்

எனக்கு வயது எழுபத்தொன்று. ஏழு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன்.

போன கிழமை மூத்த மகன் என்னைச் சாவகச்சேரி ஆசுபத்திரிக்குக் கூட்டிப்போனான். பெற்றோல் கிடைக்காததால் மண்ணெண்ணெயில் ஓடுகிற பழைய கார். காரில் பாட்டுப் போடுகிற செற் கசட் நாடாவை விழுங்குமென்று, கையில் கொண்டுதிரிகிற தன் வோக்மனை வயரால் அதோடு தொடுத்து, அதில் பாட்டுப் போட்டான்.

"சத்தம் காணுமோ அம்மா?"

"காணாது. இன்னும் கூட்டு."

தெருவில் சைக்கிள்கள் விழுந்து கிடந்தன, ஆட்களைக் காணோம். வேலியோரம் குப்புறப் படுத்திருந்த ஒருவர் எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினார். மகன் காரை நிறுத்தி வயரைப் பிடுங்கினான். அப்போதுதான் தலைக்கு மேலே விமானம் இரைவது கேட்டது. இறங்கி ஓடி வாய்க்காலுக்குள் விழுந்தோம். குண்டு அடுத்த வீட்டு வளவில் வெடித்தது. மண் எங்கள்மேல் கொட்டியது.

"ஊருக்கே கேட்டது, உங்களுக்குக் காது அடைப்போ?" என்றார் அந்த மனிதர்.

இப்போது கண்ணாடியை இறக்கி, பாட்டில்லாமல்தான் காரில் போகிறேன்.

நான் சொல்லச் சொல்ல நீ எழுதினதை வாசிச்சுக் காட்டு பேரப்பிள்ளை. பிழை உன்ரை அப்பாவின்ரை இல்லை, சத்தத்தைக் கூட்டச் சொன்ன என்ரை எண்டு விளங்குதோ?