கறுப்புக் குழல்காரரின் மூச்சு

மருத்துவமனையில் அவளுக்கு 'மூச்சக்கா' என்று பெயர் வைத்திருந்தார்கள். பதினேழு வருடமாக எக்ஸ்ரே அறையில் வேலை. "இழுங்க, அப்படியே அடக்குங்க, இப்ப விடுங்க" என்று ஒரு நாளைக்கு அறுபது எழுபது பேரிடம் சொல்கிறவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்றபடியே, இவர் படியேறி வந்திருக்கிறார், இவர் பயந்துபோயிருக்கிறார், இவர் அடக்கினமாதிரி ஏமாற்றுகிறார் என்று காதாலேயே சொல்லிவிடுவாள்.

அந்தக் காதுதான் அவளைக் கறுப்புக் குழல்காரரிடம் கொண்டுபோய் விட்டது. பழைய படங்களின் பின்னணி இசையில் கிளாரினெட் என்ற கறுப்புக் குழல் வாசித்தவர் அவர். பெயர் தெரியாது. எந்தப் படத்தின் தொடக்க எழுத்துகளிலும் அவர் பெயர் வராது. 'இசைக்குழு' என்ற ஒரு சொல்லுக்குள் ஐம்பது பேரோடு அவரையும் போட்டு மூடியிருந்தார்கள். கறுப்புக் குழல்காரர் என்ற பெயரை அவளேதான் வைத்தாள். ஒவ்வொரு வரியையும் தொடங்குமுன் அவர் மூக்கால் சட்டென்று ஒரு மூச்சு இழுப்பார். ஒலிப்பதிவில் அது லேசாக விழுந்திருக்கும். அந்த இழுப்பை வைத்தே நாற்பத்தொரு படங்களில் அவரைக் கண்டுபிடித்திருந்தாள்.

ஒரு சந்தோஷம் வந்தால் யாரிடமாவது சொல்லாமல் இருக்க முடியுமா? வீட்டில் இருந்தது கணவன் ஒருவன்தான். ஒரு கம்பெனியில் கொள்முதல் பிரிவில் இருந்தான். சாப்பிடும்போது சொல்வாள்: "இன்னிக்கு ஒண்ணு கிடைச்சுதுங்க. அந்தப் பொண்ணு ரயில்ல பெட்டிய விட்டுட்டு ஓடுவா பாருங்க, அந்த இடத்துல அவர்தான்!" அவன் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் "ம்" என்பான். பன்னிரண்டு வருடம் இதே கதை. சுவரிடம் பேசுகிறோம் என்று அவளுக்குத் தோன்றியதுண்டு. ஆனாலும் சொல்லிக்கொண்டேதான் இருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவனுடைய மேனேஜர் மனைவியோடு சாப்பிட வந்தார். அந்த அம்மா கல்லூரிப் பேராசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். மாதம் ஒருமுறை நூலக மாடியில் சினிமா ரசிகர்களைக் கூட்டிப் பேசவைப்பவர். பேச்சு பழைய படங்கள் பக்கம் திரும்பியது. அவள் தண்ணீர் ஜாடியோடு கூடத்துக்கு வரும்போது கணவனின் குரல் கேட்டது.

"வாசிக்கிறதுக்கு முன்னாடி ஒரு மூச்சு கேக்கும் மேடம். கவனிச்சிருக்கீங்களா? நான் அவருக்குக் கறுப்புக் குழல்காரர்னு பேர் வச்சிருக்கேன்."

முதலில் அவளுக்கு வந்தது சந்தோஷம். கேட்டிருக்கிறான்! இத்தனை நாளும் ஒரு சொல் விடாமல் கேட்டிருக்கிறான்! அந்தச் சந்தோஷம் ஜாடியை மேசையில் வைக்கும் வரைக்கும்தான் இருந்தது. 'நான்' என்ற சொல் அப்போதுதான் உறைத்தது.

"எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?" என்று பேராசிரியை கண்கள் விரியக் கேட்டார்.

"தனியா உக்காந்து கேட்டுக் கேட்டுதான். ரயில் படத்துல வர்ற கல்யாணக் காட்சியில..."

"கல்யாணக் காட்சியில இல்லைங்க. பெட்டிய விட்டுட்டு ஓடுற இடத்துல" என்றாள் அவள்.

அவன் சிரித்தான். விருந்தாளிகளைப் பார்த்துச் சிரித்தான். "இவளுக்கு இதெல்லாம் ஓடாது மேடம். பாட்டு போட்டா ரெண்டாவது நிமிஷம் தூங்கிடுவா."

அவள் காது சூடாகிவிட்டது. கையில் இன்னும் ஜாடி இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவளுக்கே தெரியாது. உள்ளே போய், கழுவிய பாத்திரங்களையே மறுபடி எடுத்துத் தேய்த்தாள். கூடத்தில் அவன் இன்னும் அளந்துகொண்டிருந்தான். அடுத்த ஞாயிறு ரசிகர் கூட்டத்தில் பேச ஒப்புக்கொண்டதும் அவள் காதில் விழுந்தது.

விருந்தாளிகள் போனதும் அவன் கூசாமல் வந்து நின்றான். "அந்த நாப்பத்தொரு படத்தையும் ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்துடேன்."

"எதுக்கு? நீங்கதான் தனியா உக்காந்து கண்டுபிடிச்சீங்களே."

"அட, ஒரு பேச்சுக்குச் சொன்னது. இதுக்குப் போய்..."

"நான் தூங்குறவ. எனக்கு என்ன தெரியும்?"

எழுதிக் கொடுக்கவில்லை. அந்த வாரம் முழுக்க அவனிடம் ஒரு வார்த்தை பேசவும் இல்லை. எக்ஸ்ரே அறையில் "அடக்குங்க" என்று சொல்லும்போதெல்லாம் அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஒரு பெரியவர் பயந்துபோய், விடச் சொன்ன பிறகும் மூச்சை விடாமல் நின்றார்.

ஞாயிறன்று அவனுக்கு முன்பாகவே கிளம்பிப் போய் முதல் வரிசையில் உட்கார்ந்தாள். முப்பது பேர் இருப்பார்கள். அவளைப் பார்த்ததும் அவன் முகம் சுண்டிப்போனது. ஆனாலும் சமாளித்துப் பேசினான். எல்லாம் அவளுடைய வாக்கியங்கள். பிறகு, இணையத்தில் தானே தேடிப் பிடித்த ஒரு துண்டு இசையைக் கைபேசியிலிருந்து போட்டான். "கேளுங்க. எவ்வளவு உயிரோட்டம் பாருங்க! இதான் அவர்."

அவள் எழுந்துவிட்டாள்.

"இது அவர் இல்லைங்க. இதை மனுஷங்க யாருமே வாசிக்கல. கீபோர்டு. இவ்வளவு நீளமா வாசிக்கிறதுல ஒரு இடத்துலயாவது மூச்சு இருக்கா? மறுபடி போடுங்க."

பேராசிரியை மறுபடி போடச் சொன்னார். எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள். மூச்சு இல்லை. பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"நீங்க யாரும்மா?" என்றார் ஒருவர்.

"இவர் வீட்டுல பாட்டு போட்டா தூங்குறவ."

பேராசிரியைக்குப் புரிந்துவிட்டது. "நீங்க வாங்க, நீங்க பேசுங்க" என்றார். அவள் போய்ப் பேசினாள். நன்றாகப் பேசினாள் என்று சொல்ல முடியாது. வருடக்கணக்காக ஆசை ஆசையாகச் சேர்த்துவைத்ததை எல்லாம் சண்டைக்குரலில் கொட்டினாள். குழல்காரரின் பெயரை மறைத்தவர்களைத் திட்டினாள். ஒரு வரியின் நடுவில் அவர் திருட்டுத்தனமாக எடுக்கும் சின்ன மூச்சைப் பற்றிச் சொல்ல வந்தவள், அதைத் தானே இழுத்துக் காட்டினாள். நாலைந்து பேர் எழுந்து போனார்கள். மீதிப் பேர் கடைசிவரை இருந்து படங்களைக் குறித்துக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அவன் கத்தினான். "முப்பது பேர் முன்னாடி என் மானத்தை வாங்கிட்ட!"

"நீங்க ரெண்டு பேர் முன்னாடி என்னை என்னன்னு சொன்னீங்க?"

அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "நீ சொல்றப்போ எனக்குப் பிடிச்சிருந்துது. நிஜமா. அதனாலதான் ஞாபகம் இருந்துது."

அவள் அடங்கியிருக்கலாம். மாறாக அப்போதுதான் பொங்கியது.

"பிடிச்சிருந்துதா? அதை என்கிட்ட சொல்லியிருக்க வேண்டியதுதானே? வாய் வலிச்சிருக்குமா? நான் பைத்தியம் மாதிரி உங்க தட்டுக்கு முன்னாடி உக்காந்து பேசினேனே! 'அப்புறம்?'னு ஒரு தடவை கேட்டிருந்தா, நாப்பத்தொரு படத்தையும் நானே உங்களுக்குக் குடுத்திருப்பேன். உங்க பேர்லயே பேசிட்டுப் போங்கன்னு விட்டிருப்பேன்!"



அதன்பின் மூன்று வாரம் அவளால் கறுப்புக் குழல்காரரைக் கேட்க முடியவில்லை. அந்த மூச்சு இழுப்பு வந்தவுடனே கணவனின் குரலும் கூடவே வந்தது. அவன் செய்ததில் அவளால் பொறுக்கவே முடியாதது அதுதான். நாலாவது வாரம், வேலை முடிந்ததும் எக்ஸ்ரே அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, குளிர்ந்த மேசையில் உட்கார்ந்து, இதுவரை தேடிப் பார்க்காத ஒரு படத்தைப் போட்டாள். இருபதாவது நிமிடத்தில் அவர் இருந்தார். அவளைத் தவிர இன்னும் யாருக்கும் தெரியாது.

மாதக் கூட்டத்துக்கு இப்போது அவள்தான் போகிறாள். மூன்றாவது மாதம் தானும் வரட்டுமா என்று அவன் கேட்டான். வாயைத் திறக்கக்கூடாது என்று சொல்லிக் கூட்டிப்போனாள். இடைவேளையில் யாரோ அவனிடம் எதையோ கேட்க, "அவங்களைக் கேளுங்க. எல்லாம் அவங்க கண்டுபிடிச்சது. நான் அவங்ககிட்ட கேட்டதைத்தான் அன்னிக்குச் சொன்னேன்" என்றான், அறை முழுக்கக் கேட்கும்படி. நாலு பேர் கை தட்டினார்கள்.

இதைச் சொல்லவும் இவனுக்கு ஒரு கூட்டம் வேண்டியிருக்கிறது என்று நினைத்தபடி, அவள் புதிதாகக் கண்டுபிடித்த படத்தின் இருபதாவது நிமிடத்தைக் கூட்டத்துக்குப் போட்டுக்காட்ட எடுத்து வைத்தாள்.